தாய்மாமன் இல்லாத வீட்டுச் சீர்

என் தங்கை மகளுக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டார்கள் என்று அம்மா போனில் சொன்னபோது, நான் ஆபீஸ் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒக்கலிபுரத்தில், தங்கையின் மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டபம் கிடைத்துவிட்டதாம். காது குத்தும் பத்தரிடமும் சொல்லியாகிவிட்டதாம். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சீருதான் யோசனையா இருக்கு. அவங்க சைடுல ஆளுங்க ஜாஸ்தி. வெறுங்கையோட போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

"நான் இருக்கேன்ல. நான் செய்றேன்."

"அது தெரியும்டி. நீ செய்யாம வேற யாரு செய்வா?" என்றவள், விசேஷத்தன்று பந்திக்குப் பிரிஞ்சியா சாம்பார் சாதமா என்ற பேச்சுக்குப் போய்விட்டாள்.

நான் அந்த 'அது தெரியும்' என்பதிலேயே நின்றுவிட்டேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பிரிஞ்சிக்குப் போவதற்கு முன் அவள் ஒரு நொடி பேசாமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். புதுத் துணி, தோடு, வளையல், பழம், பலகாரம் எல்லாவற்றையும் தட்டுத் தட்டாக அவன்தான் கொண்டுவர வேண்டும். தெருமுனையிலிருந்து மேளம் அடித்து அவனை அழைத்து வருவார்கள், மாலை போடுவார்கள், மைக்கில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பிறந்தது இரண்டும் பெண். அப்பா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சீர் செய்வதற்கு ஆள் இருந்தது. தாய்மாமன்தான் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மாநகராட்சியில் தெரு கூட்டியவள். வெளிச்சம் வருவதற்கு முன்பே துடைப்பத்தோடு கிளம்பிவிடுவாள். ஸ்ரீராம்புரத்துச் சந்தில், பக்கத்து வீட்டு டிவி சத்தம் நம் வீட்டு டிவி போலவே கேட்கும் ஒற்றை அறையில் படித்து, டிகிரி வாங்கி, ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். இப்போது காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்பக்க அறையில் தனியாக இருக்கிறேன். எங்கள் சந்தில் இதற்குத் திமிர் என்று பெயர். நான் மறுப்பதில்லை. வாடகைப் பத்திரத்தில் தன் பெயரைத் தானே எழுதிய பெண் எங்கள் பரம்பரையில் எனக்கு முன்னால் கிடையாது. அந்தத் திமிர் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனேன். தங்கையும் குழந்தையோடு வந்திருந்தாள். அப்போது குழந்தைக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. யார் காலிலாவது மோதித்தான் நிற்பாள். என் முழங்காலில் வந்து மோதினாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பவுடரும் பாலும் கலந்த வாசனை. பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

"காது குத்தும்போது பாப்பா என் மடியிலயே உக்காரட்டுமே."

அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தாமல் சிரித்தாள். "மீசை ஒட்டிக்கினு வரப்போறியா?"

"சீரு நான்தான செய்றேன்."

"செய்யி. யாரு வேணாம்னா? மடிக்கு உன் சித்தப்பா மவன் வர்றேன்னுட்டான். சொல்லியாச்சு."

சித்தப்பா மகன் எனக்குச் சின்னவன். ஏசி ரிப்பேர் செய்கிறான். நல்ல பையன்தான், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குழந்தை பிறந்த பிறகு அவன் அவளைப் பார்க்க எத்தனை முறை வந்திருப்பான் என்று யோசித்தால் விரல் மடக்கவே தேவை இருக்காது.

"அவன் என்ன செய்யப்போறான்?" என்றேன்.

"அவன் இன்னா செய்யணும்? வந்து உக்காந்தா போதும். நம்ம சைடுலயும் ஆம்பளைப் புள்ள ஒருத்தன் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

தங்கை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "எங்க மாமியார் ஒத்துக்க மாட்டாங்கக்கா. செய்றது நீதான்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் இன்னா?" என்றாள்.

"தெரிஞ்சா அதை மைக்ல சொல்லட்டும்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"மைக்ல சொன்னாதான் செஞ்சதாக்கா? அம்மா வேலைக்குப் போனா வூட்ல ஒரு ஆளு வேணும். தண்ணி புடிக்கணும், படுத்துக்கெடந்த அப்பாவப் பாத்துக்கணும். நீ படிக்கிறன்னு நான் ஒன்பதாவதோட நின்னேன். எனக்கு எவனாச்சும் மாலை போட்டானா? நான் கேட்டனா?"

கோபமாகச் சொல்லவில்லை. பால் காய்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு அடுத்த சட்டையை எடுத்தாள். அம்மா பூண்டுத் தோலை ஊதினாள்.

அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். அவளும் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பாள். அதற்கு இன்னொரு பெயர் உண்டு என்பது எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை. அவளுக்கு எப்போது தோன்றியது என்றும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேசியிருப்போமோ என்னவோ. குழந்தை என் துப்பட்டா நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பெண்கள் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கு ஒருவர் எவ்வளவோ செய்திருக்கிறோம். அம்மா உரித்த பூண்டை அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் எழுந்து போனாள்.

செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் செய்யாவிட்டால் வெட்கப்படப்போவது தங்கை. அவள் புகுந்த வீட்டில் அவள் தலை குனிந்து நிற்பதை நான் விரும்பவில்லை. நான் செய்யாமல் விடமாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும், அதுதான் விஷயம். எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் வந்தால் யாரும் கவனிப்பதில்லை, நின்றால்தான் திட்டுவார்கள். டேங்கர் லாரி வந்தால் தெருவே கூடும். லாரி டிரைவரை அண்ணா என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் குழாய்கள்.

சிக்பேட்டைக்குச் சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். தட்டுச் சாமான்களைத் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. நகைக்கடையில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவன் பின்னால் நின்றான். தோட்டுத் தட்டை எடுத்து வைத்த கடைக்காரர் என் தலைக்கு மேலாக அவனைப் பார்த்து, "மாமா வாங்கித் தர்றீங்களா? இந்த டிசைன் பாருங்க சார், குழந்தைக்குக் குத்தாது" என்றார்.

"அக்காவைக் கேளுங்க சார்," என்றான் அவன், காதெல்லாம் சிவக்க.

"அக்கா செலக்ட் பண்ணட்டும், தப்பில்ல," என்று கடைக்காரர் பெரிய மனதோடு தட்டை என் பக்கம் திருப்பினார்.

பிறகு துணிக்கடை. குழந்தைக்குப் பட்டுப்பாவாடை எடுத்து, தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் எடுத்தேன். படி இறங்கும்போது அவன் தயங்கித் தயங்கி, "அக்கா, மாமன்னா பட்டு வேட்டி சட்டையா கட்டணும்? எங்கிட்ட வெள்ளை வேட்டிதான் இருக்கு" என்றான்.

திரும்பவும் மாடி ஏறினோம். அவனுக்கும் நான்தான் எடுத்தேன். கண்ணாடி முன்னால் அங்கவஸ்திரத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டு, "எப்டிக்கா இருக்கேன்?" என்று கேட்டான்.

"மாமன் மாதிரி இருக்கே," என்றேன். அவன் அதை நல்ல விதமாகவே எடுத்துக்கொண்டான்.

விசேஷத்தன்று காலையிலேயே குழந்தைக்குக் கோயிலில் மொட்டை அடித்து, சந்தனம் பூசிக் கூட்டி வந்துவிட்டார்கள். தெருமுனையில், ஒரு இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், தட்டுகளை வரிசையாக வைத்துக் காத்திருந்தோம். தமட்டை மேளம் அடிக்க வந்தவர்கள் கன்னடக்காரர்கள். அவர்களில் மூத்தவர், "யாரு மாவ?" என்று மாமனை விசாரித்தார். எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் சித்தப்பா மகனைக் காட்டியது. என் கையும்தான்.

தட்டுகளைப் பெண்கள் தூக்கிக்கொண்டார்கள். முதல் தட்டு கல்யாணமானவள் கையில் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதால், தோடும் துணியும் இருந்த தட்டை அம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக்கொண்டார். என் கைக்கு ஆப்பிள் தட்டு வந்தது. மேளம் ஆரம்பித்தது. அவன் முன்னால் நடந்தான், வெறுங்கையோடு, புது வேட்டி தடுக்கிவிடுமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டே. நாங்கள் பின்னால் தூக்கிக்கொண்டு நடந்தோம். ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து வந்த ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஓரம் ஒதுங்கினார்கள்.

மண்டப வாசலில் மைக் பிடித்திருந்தவர் மாப்பிள்ளையின் கூட்டாளி. "தாய்மாமன் சீர் வருது, வழி விடுங்க, வழி விடுங்க. அக்கா மகளுக்கு மாமன் அள்ளிக்கினு வந்திருக்காரு பாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமன் கெடைக்கணுமே," என்றார். யாரோ விசில் அடித்தார்கள். தங்கையின் மாமியார் ஆரத்தி எடுத்து அவன் நெற்றியில் பொட்டு வைத்தார். பெரிய ரோஜா மாலை ஒன்றைப் போட்டார்கள். அவன் அந்தக் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். நான் ஆப்பிள்களைப் பார்த்துக்கொண்டேன்.

மேடையில் பாய் விரித்து அவனை உட்கார வைத்து, குழந்தையை மடியில் கொடுத்தார்கள். அவளுக்கு அவன் யாரென்றே தெரியாது. மாலையைப் பிய்த்து வாயில் வைத்தாள். பத்தர் தோட்டை எடுத்துத் துடைத்தார். தங்கை பார்க்க மாட்டேன் என்று புருஷன் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வலது காது. குழந்தையின் அழுகை மேளத்தைத் தாண்டிக் கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். கேமராக்காரன் விளக்கைப் பிடிக்கச் சொல்லி, "மாமா, இங்க பாருங்க, சிரிங்க" என்றான். சித்தப்பா மகன் வெளுத்துப்போன முகத்தோடு சிரித்தான்.

இடது காதுக்குப் பத்தர் கையைத் துடைத்தபோதுதான் அது நடந்தது. அவன் பத்தரை நிறுத்தச் சொன்னான். கூட்டத்துக்குள் என்னைப் பார்த்துச் சத்தமாக, "அக்கா, நீ வந்து உக்காருக்கா. இந்தக் காது உன் மடியில குத்தட்டும்" என்றான்.

மேளம் நின்றது. என் வீட்டுக் குழந்தை, நான் வாங்கிய தோடு. இத்தனை நாளாக நான் கேட்டு எனக்குக் கிடைக்காத இடம். அதை இப்போது அவன் எனக்குத் தருகிறான். தருவதற்கு அது அவனிடம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும் போல இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தட்டோடு அப்படியே நின்றிருந்தால் படித்த திமிர் என்று சொல்லியிருப்பார்கள். அதற்குக்கூட நான் பயப்படவில்லை. ஆனால் எனக்கு அந்த மடி வேண்டியிருந்தது. தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு மேடை ஏறினேன்.

குழந்தை சூடாக இருந்தாள். அழுது அழுது உடம்பே துடித்துக்கொண்டிருந்தது. சந்தனம் பூசிய சின்னத் தலையை என் மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பத்தர் குனிந்தார். அந்த நேரத்தில் என் பின்னால் தங்கையின் மாமியார் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"என்னா மனசு பாத்தியா அந்தப் புள்ளைக்கு. மாமன் பாத்தியதையவே அக்காவுக்கு விட்டுக் குடுக்குது."

"ஆமா, இப்ப யாரு வுடுவா? ஒரு போட்டோவுக்குக்கூட வுட மாட்டானுங்க."

"கல்யாணம் ஆவாத பொண்ணுல்ல, ஆசை இருக்கும்ல. அத புரிஞ்சிக்கிச்சு பாரு."

ஊசி இறங்கியது. குழந்தை என் தோளைக் கடித்தாள். இந்த முறை கைதட்டல் குறைவாக இருந்தது. கேமராக்காரன் திரும்பி நின்று, மாலையோடு ஓரமாக நின்ற மாமனை மாப்பிள்ளை கட்டிப்பிடிப்பதை எடுத்துக்கொண்டிருந்தான்.

மேடையிலிருந்து இறங்கியதும் அம்மா என் பக்கத்தில் வந்து முந்தானையால் என் தோளில் இருந்த எச்சிலைத் துடைத்தாள். "கேட்டது கெடைச்சிச்சுல்ல? அவனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடு. சின்னப் பையன், எவ்ளோ வெவரமா நடந்துக்கினான் பாரு."

நான் பந்திக்குப் போய்விட்டேன். பிரிஞ்சி நன்றாக இருந்தது.

மாலை அறைக்குத் திரும்பி, புடவையை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சர்ச்சில் பாட்டுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். போன் வந்தது. சித்தப்பா மகன்.

"அக்கா, சாப்ட்டியா? சொல்லாம போய்ட்டே."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"தேங்க்ஸ்க்கா," என்றான். "எனக்கு இதுவரைக்கும் யாரும் மாலை போட்டதில்லக்கா. ஏசி பாக்கப் போனா பாதி வூட்ல உள்ள உக்காரக்கூடச் சொல்ல மாட்டாங்க. இன்னிக்கு எல்லாரும் மாமா மாமான்னு... ஒரு மாதிரி இருந்திச்சு. எல்லாம் உன்னாலதான்."

அவன் உண்மையாகத்தான் சொன்னான். "சரிடா, வேட்டிய டிரை கிளீனிங் போடு, தண்ணில நனைச்சிடாத" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வீட்டு விசேஷத்தில் எனக்கு நன்றி சொன்னவன் அவன் ஒருவன்தான். அதுவும் குழந்தைக்குச் செய்ததற்காக அல்ல. அவனுக்குச் செய்ததற்காக. அவன் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபப்பட அவன் இடமே வைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வேறு யாரிடமாவது இதைச் சொல்ல முடியுமா என்று யோசித்தேன். ஆபீஸில் என்னோடு பேசுகிறவர்களுக்குச் சீர் என்றால் என்னவென்றே முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் இருப்பவர்களுக்கு, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நான் வாடகைக்கு எடுத்த இந்த அறை இருந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், ஆபீஸில் மாத முடிவுக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். குழந்தைக்குக் காதில் சீழ் வைத்துவிட்டதாம். காய்ச்சலும் இருக்கிறதாம்.

"கிளினிக் போணும்க்கா. கன்னடத்துல, இங்கிலீஷ்ல கேட்டா எனக்குப் பதில் சொல்ல வராது. நீ லீவு போட்டு வந்துடு."

"எந்தக் காது?"

"லெஃப்ட்டு. எங்க மாமியார் வேற, மாமன் மடில குத்துன காது நல்லாத்தான இருக்குன்னு சொல்லிக்கினு இருக்காங்க. நீ அதெல்லாம் மனசுல வெச்சிக்காத."

"அவனைக் கூப்பிட்டியா?"

"யாரை?"

"மாமனை."

அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அவன எதுக்குக்கா? பாவம், வேலைக்குப் போயிருப்பான்."

"நானும் வேலையிலதான் இருக்கேன்."

"நீ வந்துடுவன்னு தெரியும்க்கா," என்றாள்.

மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் அவர், "உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்று ஆச்சரியப்பட்டார். அக்கா தங்கை என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

கிளினிக்கில் கூட்டம். எங்கள் முறை வந்ததும், ரத்தத்தையும் சீழையும் பார்த்தால் மயக்கம் வரும் என்று தங்கை வெளியிலேயே நின்றுகொண்டாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நர்ஸ் கன்னடத்தில், நீங்கள்தான் தாயா என்று கேட்டார். "தொட்டம்மா" என்றேன். பெரியம்மாவுக்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டாரா என்றுகூடத் தெரியவில்லை. "கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அசையக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். நர்ஸ் தோட்டைத் திருகிக் கழற்றி, பஞ்சால் அழுத்தித் துடைத்தார். குழந்தை கத்தினாள், உதைத்தாள், என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். மொட்டைத் தலையில் முடி முள்ளாக முளைக்கத் தொடங்கியிருந்தது. அது என் தாடையில் குத்தியது. மருந்து வைத்து ஒரு சின்னத் துணியை ஒட்டிவிட்டு, ஐந்து நிமிடம் இப்படியே இருங்கள் என்று சொல்லி நர்ஸ் திரைக்கு அந்தப் பக்கம் போனார்.

அழுகை விம்மலாகி, விம்மலும் அடங்கி, குழந்தை என் மேல் கனத்துத் தூங்கிப்போனாள். அறையில் யாரும் இல்லை. நான் கேட்ட மடி இதுதான். யாரும் எனக்கு விட்டுக் கொடுக்கவில்லை, யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளவும் வரப்போவதில்லை. இவளை இப்படி வைத்துக்கொண்டால் போதும், வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம் என்றுதான் அன்றைக்கு அம்மா வீட்டில் நினைத்தேன்.

அவள் மூச்சு சீராகும்வரை முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். என் கண் மட்டும் அந்தத் திரையை விட்டு நகரவில்லை. யாராவது அதை விலக்கிக்கொண்டு ஒரு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டுப் போகமாட்டார்களா என்று இருந்தது.